பேனாவைப் பிடுங்கிய அக்கா

மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்த வருஷம், காஜா பெராங் ஊருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். நான் ஒட்டுக் கேட்கவில்லை, தானாகக் காதில் விழுந்தது.

“அக்கா, அன்னிக்கு என் கையிலேர்ந்து பேனாவைப் பிடுங்கினீங்களே, அதுக்கு உங்களைக் கும்பிடணும்.”

“அன்னிக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டே.”

“பொறாமைன்னு நெனச்சேன்கா. மாமா அவரோட பழைய உயில் ஓரத்துல, வீடு எனக்குன்னு சேர்த்து எழுதிட்டு, படிச்ச மருமக நீயே சாட்சி போடுன்னாரு. நீங்க விடல.”

“உயில்ல வீடு யாருக்கோ, அவளே சாட்சி போட்டா வீடு கிடைக்காதுடி. கிளேபாங்ல எங்க சித்தி அப்படித்தான் தெருவுக்கு வந்தா.”

“லாயரும் அதையேதான் சொன்னாரு. அப்புறம் நீங்களும் உங்க வீட்டு அண்ணனும் பக்கத்துல நின்னு, மாமா கையெழுத்துப் போடறதைப் பாத்து, சாட்சி போட்டீங்க. இப்ப மாமா காரியம் முடிஞ்சதும், வீட்டைக் காலி பண்ணுன்னு கொழுந்தனார் வந்தாரு. உயிலைப் படிச்சாரு. பிள்ளைங்க கையில பிஸ்கட்டைக் குடுத்துட்டுப் போய்ட்டாரு.”

“சாட்சி போட்டவளுக்கு அந்த வீட்டுல ஒரு ஓடுகூடக் கிடையாது, தெரியுமில்ல?”

“மீன் குழம்பு உண்டுக்கா. அண்ணனையும் கூட்டிட்டு வாங்க.”