கன்னுக்குட்டி முடிச்சு

— ...அதெல்லாம் ஆகாது அம்மிணி. ஒப்பும் போட மாட்டேன், ஒண்ணும் போட மாட்டேன். நாளைக்கு வா, பாக்கலாம்.

— நேத்தும் இதையேதானுங்கண்ணா சொன்னீங்க. இன்னிக்குத்தானுங்களே அந்த நாளைக்கு?

— அகராதி புடிச்சவ. உன்ற ஊட்டுக்காரன் நாச்சிமுத்துவும் இப்புடித்தான். பேசிப் பேசியே ஏழு மூட்டை புண்ணாக்கு கடனாத் தூக்கிட்டுப் போனான்.

— போய்ச் சேந்தவரப் பத்தி எதுக்குங்க... அந்த ஏழு மூட்டைக்கும் நா குடுத்துப்போட்டேனுங்க.

— குடுத்தே. ஆரு இல்லைன்னா? சித்த உக்காரு. அந்தத் தவுட்டு மூட்டை மேல உக்காரு. பாலு ஊத்தியாச்சா?

— சொசைட்டில ஊத்திப்போட்டு நேரா இங்கதானுங்க. எருத்தேன்பதிக்கும் பேங்குக்கும் உங்க கடைக்குமா நடந்து நடந்து, காலு ரெண்டும் என்னுது மாதிரியே இல்ல.

— பாலு ஊத்துனியா, தண்ணி ஊத்துனியா?

— கேலி பேசுங்க. நாம் படற பாட்டுக்குத் தண்ணி சேந்தறதுக்கும் தெம்பில்லீங்க.

— செரி, என்னதான் சொல்றான் அந்த மேனேஜரு?

— மலையாளத்துல சொல்றாருங்க. பாதி வெளங்குது, பாதி வெளங்கல. பேங்கு கவர்மெண்டோடது ஆனதுல இருந்து எங்கள மாதிரி ஆளுங்களுக்கும் சீமைமாட்டு லோன் உண்டாம். நெலம் இருந்தா நெலத்துப் பத்திரம். நகை இருந்தா நகை. ரெண்டும் இல்லாட்டி...

— இல்லாட்டி இந்தச் சென்னியப்பன் தலை.

— அப்புடிச் சொல்லலீங்க. கடை வெச்சிருக்கற ஒருத்தரு, 'இந்த அம்மாளுக்கு நாங் கடன் குடுத்தேன், ஒழுங்காத் திருப்பிக் குடுத்தா'ன்னு எழுதி ஒப்பு போடோணுமாம்.

— மீனாச்சிபுரத்துல வேற கடையே இல்லியாக்கும்?

— எனக்குக் கடன் குடுத்த கடை வேற ஏதுங்க? நாச்சிமுத்து பொண்டாட்டின்னா, வெத்தலைக் கடைக்காரங்கூட 'காச மொதல்ல வெய்யி'ங்கறான். போன வாரம் ஒரு சீப்பு வாழப்பழம் எடுத்தேன். சில்லறைய எடுக்கறதுக்குள்ள என்ற கையிலிருந்து சீப்பப் புடுங்கிட்டாங்க.

— அவன் இந்தக் கடைவீதில கை நீட்டாத எடமே இல்லியே.

— சீக்கு வந்த மனுசன். வாங்குனாரு. திருப்பறதுக்குள்ள போயிட்டாரு. அவரு பேரு மட்டும் போகமாட்டேங்குது.

— இருக்கற ஒரு மாடு போதாதா? ஒத்தை ஆளு, எதுக்கு இன்னொண்ணு?

— அது கெழடுங்கண்ணா. இந்த ஈத்தோட செரி. அது மடி வத்துனா எம் பொழப்பும் வத்துனாப்புலதான். இந்த மாசக் கடைசிக்குள்ள ஒப்பு போட்ட தாளைக் குடுக்கலைன்னா, லோன் அடுத்த வருசந்தான்னு சொல்லிப்போட்டாங்க. அடுத்த வருசம் வரைக்கும் எதைக் கறக்கறது?

— ம்...

— 'ம்'முன்னா போடறேன்னா, போட மாட்டேன்னா?

— என்னைய ஏன் தாயி இந்தப் பாடு படுத்தறே? சொல்ல வேண்டாம்னு பாத்தேன்... இந்த மாசத்தோட கடைய மூடறேன்.

— என்னுங்க?

— பொள்ளாச்சி எண்ணெ மில்லுக்காரன் இனி ரொக்கம் வெச்சாத்தான் புண்ணாக்குங்கறான். இருவது வருசமா கடனுக்கு வண்டி ஏத்தி உட்டவன். எங்கிட்ட வாங்குனவங்க பாதிப்பேரு இந்தப் பக்கம் தலைகாட்டறதில்ல. எனக்கு அலுத்துப்போச்சு. காலைல கதவத் தெறக்கறப்பவே எப்படா சாத்துவோம்னு இருக்குது.

— அய்யோ... ஊட்டுல அக்காகிட்டச் சொன்னீங்களா?

— சொல்லல. அவளுக்குத் தெரிஞ்சா சோறு எறங்காது. பாத்துக்க, என்ற பேரே சந்தையில செல்லல. நா உனக்கு ஒப்பு போட்டு என்னாகப் போகுது?

— மாடு எளைச்சாலும் கொம்பு எளைக்காதுங்கண்ணா.

— ஆகா! என்னைய மாடாக்கிப்போட்டா.

— நெசத்தத்தான் சொல்றேனுங்க. உங்க யாவாரம் நொடிச்சதுக்காக, நா ஒழுங்கா நடந்துக்கிட்டது இல்லைன்னு ஆயிருமுங்களா?

— ...அதென்னவோ வாஸ்தவந்தான்.

— மொதமொதல்ல வந்தது நெனப்பிருக்குதுங்களா? படியேறவே உடலை நீங்க.

— நெனப்பில்லாம? 'அடமானம் வெய்யி, அரை மூட்டை தர்றேன்'னேன். நீ எங்க வரப்போறேன்னுதான் சொன்னது. மறுநாளே மஞ்சத்துணி முடிச்சோட வந்து நின்னே. உள்ளுக்குள்ள ரெண்டு தோடு. முடிச்சப் பாக்கோணுமே... கன்னுக்குட்டியக் கட்டறாப்புலப் போட்டிருந்தே. சிரிப்பா வந்துது எனக்கு.

— கைக்குத் தெரிஞ்ச முடிச்சு அதொண்ணுதானுங்க.

— அப்பறம் சனிக்கெழம ஆச்சுன்னா வந்துருவே. சொசைட்டில பணம் வாங்குன கையோட நேரா இங்க. காச்சல்ல படுத்திருந்தப்பக்கூட, பால்வண்டிக்காரங்கிட்டக் குடுத்துத் தாட்டி உட்டே.

— ஒரு சனிக்கெழம தவறுனாப் போதுமுங்களே. 'பாத்தியா, நாச்சிமுத்து பொண்டாட்டிதான'ம்பீங்க.

— சொல்லியிருப்பேந்தான். இன்னொண்ணு கேக்கறேன், ஒளிக்காமச் சொல்லு. மடியில காச வெச்சுக்கிட்டே எங்கிட்டக் கடன் சொல்லி வாங்கியிருக்கறே. இல்ல?

— ...அதெப்புடீங்க உங்களுக்கு?

— மூட்டையத் தலைக்கு ஏத்தறப்ப மடியில சலசலங்குது. எனக்கென்ன காது செவுடா?

— ரொக்கம் குடுத்து வாங்குனா என்னைய ஆருங்க நெனப்பு வெப்பாங்க? காச வெச்சா, மூட்டைய எடுத்தா, போனா. அதோட முடிஞ்சுது. வாங்கித் திருப்பி, வாங்கித் திருப்பி, அப்புடி இருந்தாத்தானுங்க இப்புடி ஒருத்தி இருக்கறா, நம்பலாம்னு தெரியும்.

— அதுக்காவ ஆராச்சும் வேண்டாத கடன வாங்குவாங்களா?

— சோத்துக்குக் கடன் வாங்குனா ஊரு நம்பாதுங்கண்ணா. சோறு இருக்கறப்பவே வாங்கிப் பழக்கி வெச்சாத்தான், இல்லாதப்பக் குடுப்பாங்க. அவரு போனப்பறம் நாங் கண்டுக்கிட்டது இதொண்ணுதான்.

— உன்னையக் கொண்டுபோயி அந்த பேங்குல உக்கார வெக்கோணும்.

— அப்பறம் சித்திரை நோம்பி கழிஞ்சு வந்தேன் பாருங்க. 'அரை மூட்டை என்னத்துக்கு, முழு மூட்டையா எடுத்துட்டுப் போ'ன்னீங்க. நா கேக்கவே இல்ல. நீங்களாச் சொன்னீங்க. அன்னிக்கு ஊட்டுக்குப் போயி மாட்டுக் கழுத்தக் கட்டிக்கிட்டு அழுதேனுங்க. எனக்கும் ஒரு பேரு வந்துருச்சுன்னு...

— செரி, செரி. பழசு என்னத்துக்கு.

— ஏனுங்கண்ணா, மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு?

— வெயிலு. தாளைக் கொண்டா இப்புடி. உங்கிட்ட வாதாட என்னால ஆகாது.

— போடறீங்களா!

— கத்தாத. எங்க என்ற கண்ணாடி... இதென்ன எழுத்து, கோழி கெளறுனாப்புல?

— மேல மலையாளமுங்க. பியூனக் கெஞ்சி, கீழ தமிழ்ல எழுதி வாங்கியாந்தேன்.

— 'எத்தனை காலமாகக் கடன் கொடுத்தீர்'... செரி. 'தவணை தவறியதுண்டா'... இல்ல. 'எதை ஈடாகப் பெற்றுக்கொண்டு கடன் கொடுத்தீர்'... ஈடுன்னா அடமானம்.

— அத... அத உட்டுருங்க.

— உட்டா மேனேஜரு திருப்பி அனுப்புவான். மறுபடியும் இங்க வந்து என்ற உசுர எடுப்பே. இரு. மொதல்ல உன்ற பொருள நீ வாங்கிக்க, அப்பறம் எழுதறேன். கடைய மூடறதுன்னு ஆனப்பறம், அடமானம் வெச்சவங்களதெல்லாம் திருப்பிக் குடுத்துட்டுத்தான் இருக்கறேன்.

— இருக்கட்டுமுங்க. அவசரமில்ல.

— தோட்டத் தர்றேங்கறேன், அவசரமில்லைங்கறா! பொட்டில அடியில கெடக்குது... இந்தா.

— இன்னொரு நாளைக்கு...

— புடி அம்மிணி. வழக்கப்படி, ரெண்டு பேரும் பாக்க அவுத்து, நிறுத்துக் குடுக்கோணும். ஆனா... நமக்குள்ள என்னத்துக்கு?

— அதுதானுங்க! அவுக்கவே வேண்டாம்.

— வேண்டாம், வேண்டாம். நம்பிக்கைதான.

— நம்பிக்கைதானுங்க.

— மடில சொருகு. தொலைச்சுப்போடாத. எங்க உட்டேன்... ஆங். 'ஈடு, தங்கத் தோடு ரெண்டு. திருப்பிக் கொடுக்கப்பட்டது.' இப்புடி எழுதுனாப் போதுமில்ல? தங்கம்னு எழுதுனா மேனேஜருக்கு இன்னும் நம்பிக்கையா இருக்கும். 'தங்க'...

— அண்ணா, நில்லுங்க. எழுதாதீங்க.

— இப்ப என்ன?

— தங்கம்னு எழுதாதீங்க.

— பேனாவ எடுத்தாச்சு. உடு கைய.

— உங்க ஒப்புக்கு மேல ஒரு பொய்ய எழுத வெக்க எனக்கு மனசு வல்லீங்க. கடைய மூடிப்போட்டுப் போறப்ப, உங்களுக்குன்னு மிஞ்சறது அந்த ஒப்பு ஒண்ணுதான்.

— என்ன பொய்யி? நீ பாட்டுக்கு...

— என்ற தங்கத் தோடு, அவரக் கோயமுத்தூரு ஆஸ்பத்திரில வெச்சிருந்தப்பவே வித்தாச்சுங்க. உங்ககிட்டக் குடுத்தது கில்ட்டு. தேருக்கடைல வாங்குனது. அடமானம் இல்லாம நீங்க குடுக்க மாட்டீங்க. அடமானம் வெக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல. மாடு பட்டினி கெடந்து கத்துது. செஞ்சுபோட்டேன். ஒவ்வொரு சனிக்கெழமையும் உங்க மொகத்தப் பாத்துப் பயந்துக்கிட்டேதான் படியேறுனேன். எங்க அவுத்துப் பாத்திருப்பீங்களோன்னு... தாளைக் கிழிச்சுப் போட்டாலும் செரிங்க. எனக்கும் அலுத்துப்போச்சு, பயந்து பயந்து. திட்டிருங்கண்ணா.

— திட்டறதுக்கு என்ன இருக்குது.

— கோவம் வல்லீங்களா?

— இல்ல.

— நம்பலீங்களா? இருங்க, அவுத்தே காட்டறேன்.

— வேண்டாம் கருப்பாத்தா. மடியிலயே கெடக்கட்டும்.

— இல்லீங்க. நீங்களும் ஒருக்கா கண்ணால பாத்துட்டு...

— உடுங்கறேன்!

— ...ஏனுங்கண்ணா.

— உட்டுரு தாயி.

— இது நாம் போட்ட முடிச்சு இல்லீங்களே. நாம் போட்டது தலைப்பச் சுண்டுனா அவுந்துரும். கன்னுக்குட்டி முடிச்சு. நீங்களே இப்பத்தான சொல்லிச் சிரிச்சீங்க? இது... இது மூட்டை கட்டற முடிச்சு. பல்லுல கடிச்சாத்தான் அவுழும். உங்க கை கட்டுனதுங்க இது. எப்ப அவுத்தீங்க? கில்ட்டுன்னு தெரிஞ்சுமா எனக்குக் கடன் குடுத்துட்டு இருந்தீங்க? ஒரு வார்த்த கேக்கலாமில்ல... ஏனுங்கண்ணா கேக்கல?

— என்ன மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேக்கறது அம்மிணி? சித்திரை நோம்பிக்கு முந்துன வாரம் மில்லுக்காரன் பாக்கியக் கேட்டுக் கழுத்தப் புடிச்சான். உன்ற முடிச்ச எடுத்துட்டுப் போயி, பொள்ளாச்சில என்னுதுன்னு சொல்லி அடகு வெக்கப் பாத்தேன். அடகுக்கடைக்காரன் கல்லுல ஒரசிப்போட்டு என்ற மூஞ்சில வீசுனான். பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் திருடி, திருடின்னு உன்னையத் திட்டிக்கிட்டே வந்தேன். கடைக்கு வந்து, முடிச்சத் திருப்பிக் கட்டறப்பத்தான் தோணுச்சு... இதுல ஆரு திருடன்னு. நோம்பி கழிஞ்ச சனிக்கெழம நீ எப்பவும் போலப் பணத்த நீட்டிட்டு நின்னே. முழு மூட்டையா எடுத்துட்டுப் போன்னுதான் எனக்கு வாயில வந்துது. கொண்டா தாளை. ஈடு ஒண்ணும் வாங்கலைன்னு எழுதறேன். ஒப்பு எங்க, இந்தக் கோட்டு மேலயா?