மாமாவின் வண்டிக்குப் புதுச் செயின்

செயின் மாற்றுவது பெரிய வித்தையல்ல, சார். பழையதைக் கழற்றிப் புதியதன் பக்கத்தில் நீட்டிப் போட்டு, கண்ணிக்குக் கண்ணி ஒப்பிட்டு, மிச்சத்தை வெட்டினால் போதும். சைக்கிள் கடைக்காரனான எனக்கு அது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. அன்று கண்ணைத் திறந்துகொண்டுதான் செய்தேன்.

வண்டி அக்கா புருஷனுடையது. முன்னால் பெரிய பெட்டி வைத்த பேட்டரி சைக்கிள். அதில் தண்ணீர் கேன்களை அடுக்கிக்கொண்டு பள்ளத்துத் தெரு வீடுகளுக்கு இறங்குவார். மாமா தங்கமான மனுஷர். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். குறை ஒன்றுதான். வெளியூரில் வேலை கிடைத்து, அக்காவையும் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தார். அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருந்தவள் அவள் மட்டும்தான். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"மச்சான், மோட்டார் இழுக்கிற வண்டி. கெட்டியான செயினாப் பாத்துப் போடு" என்றார்.

"என்கிட்ட சொல்லணுமா மாமா? நான் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டேன். கெட்டிச் செயின் அலமாரியில்தான் இருந்தது. நான் எடுத்தது சாதாரண சைக்கிளுக்கான மெலிந்த செயின். இரு முனைகளையும் சேர்க்கும் லாக்கைத் திசை மாற்றி, அரைகுறையாக மாட்டினேன். அந்த வண்டியில் பெடலைப் பின்பக்கம் மிதித்தால்தான் பின்சக்கரம் பிடிக்கும். செயின் போனால் அந்தப் பிடியும் போச்சு. அவ்வளவு பாரத்தை இறக்கத்தில் முன் பிரேக் மட்டும் நிறுத்தாது.

கடை வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். "சத்தமே இல்லையேடா! உனக்குக் கைராசி" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

இறக்கம் முடிகிற இடத்தில் லாரிகள் திரும்பும். அவர் வலியில்லாமல் போய்விட்டதாக டாக்டர் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

அக்கா இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். அறுந்த செயினை எங்கிருந்தோ தேடி எடுத்து வந்து என் முன்னால் போட்டாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள். துக்கத்தில் இருப்பவள், தெருவில் போய் வாய்க்கு வந்ததைப் பேசிவிடுவாள். கூடப்பிறந்தவன் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். கொஞ்சம் சீக்கிரம் அனுப்பினால் நல்லது. என்னிடமிருந்து வாங்கி மேஜையில் வைத்திருக்கிற சாவிக்கொத்தில் அந்தப் பித்தளைச் சாவி அவள் அறையுடையது. சாப்பாட்டு வேளை ஆகிறது, நான் போய் ஊட்டிவிட வேண்டும். அவள் நல்லதுக்காகத்தான் கையை இன்னும் அவிழ்த்துவிடவில்லை.