அரிசி தின்றது யார்?

காலை எட்டு மணி பத்து நிமிடம். பாளையங்கோட்டை செல்லும் பேருந்தில், பாலித்தீன் பையில் சுற்றிய கல்யாணப் பத்திரிகைக் கட்டு ஒன்று இரண்டு பெரியவர்களின் மடியில் பாதிப் பாதியாக இருந்தது. கடலோரத் திசையன்விளைக்காரர் பெண்ணின் தந்தை. மலைப்பக்கத்து முக்கூடல்காரர் மாப்பிள்ளையின் தந்தை. கைபேசியில் வந்த வானிலை அறிக்கையை முக்கூடல்காரர் சத்தமாகப் படித்தார்.

"வெள்ளிக்கிழமை கடலோரத்துலயும் மலையிலயும் கனமழையாம். அன்னைக்குத்தானே முகூர்த்தம், சம்பந்தி? உங்க பொண்ணு சின்னதுல பச்சரிசி தின்னுச்சோ?"

"எங்க பிள்ளை தின்னிருந்தா கடலோரத்துல மட்டும்லா பெய்யணும்? மலையில பெய்யப்போறது உங்க பையன் தின்னதுக்கு, வே."

"சரி, உங்க வாசல்ல போட்ட பந்தல் ஒழுகுமே?"

"ஒழுகும். அரிசி தின்னவுக மண்டபம் பிடிக்கட்டும்."

திசையன்விளைக்காரர் உடனே மகளை அழைத்து, சம்பந்திக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டார்.

"ஏளா, நீ சின்னதுல அரிசி தின்னியா?"

"தின்னேன்ப்பா. அவுகளும் தின்னாகளாம், நேத்து சொன்னாக."

"நேத்தா? நேத்து நீங்க ரெண்டு பேரும் பேசுனீங்களா?"

"தினமும் பேசுதோம்ப்பா. ரெண்டு ஊருக்கும் நடுவுல ஒரு மண்டபம் பாருங்க."

அடுத்த நிறுத்தத்தில், ஒரு கல்யாண மண்டபத்தின் முன்னால், இருவரும் இறங்கினார்கள்.