ஆகஸ்டில் முட்டாளாக இருங்கள்

தண்ணீர் பாட்டில் நிரப்புவதுதான் என் வேலை என்று இந்த ஊரில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாநில உரிம வாரியத்திலிருந்து வந்திருக்கும் உங்களுக்காவது தெரிந்திருக்கும். விளையாட்டில் அடிபடுகிறவர்களைக் கவனிப்பதற்கென்றே கல்லூரியில் படித்து, தேர்வெழுதி, டெக்சஸின் உரிமம் வாங்கியவள் நான். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. எண்ணெய்க் கிணற்றில் குழாய் தூக்கும் அப்பா அந்த உரிமத்துக்குச் சட்டம் போட்டு மாட்டினார். அவருக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான்.

தலையில் அடிபடுவது பற்றிப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணி மாணவர்களுக்கு ஆண்டுதோறும் பாடம் நடத்த வேண்டுமாம். நடத்தினேன். நீங்கள் அனுப்பும் வீடியோவுக்குத் தூங்குகிற பையன்கள் என் வகுப்பில் தூங்கவில்லை. தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுவது என்று எதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னால் வெளியே உட்காரவைப்பார்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லிக்கொடுத்தேன்.

ஆகஸ்டில், ஆட்டங்கள் தொடங்குமுன், எல்லோருக்கும் கணினியில் ஒரு நினைவாற்றல் சோதனை. பிறகு அடிபட்டால் மறுபடி அதே சோதனை. மதிப்பெண் இறங்கினால் ஆட முடியாது.

"மிஸ், இதுல நல்லா பண்ணணுமா?" என்று கேட்டான் வெஸ்லி டன். பந்தை எறிபவன் அவன்தான். அதாவது, அணியே அவன்தான்.

"நல்லா பண்ணி என்னத்தக் கிழிக்கப்போற? இப்ப முட்டாளா இரு. அப்புறம் எவனும் உன்னைப் பிடிக்க முடியாது."

"அவன் நடிக்கவே வேணாம் மிஸ், பொறப்பே அப்படித்தான்" என்றான் பின்னாலிருந்து ஒருவன். எல்லோரும் சிரித்தோம்.

பயிற்சியாளர் ஹாஸ்கெல் என்னைக் கட்டாயப்படுத்தினாரா என்கிறீர்கள். பாவம், அவருக்கு அந்தச் சோதனையின் பெயரே வாயில் நுழையாது. யோசனை முழுக்க என்னுடையது. வெஸ்லியின் அம்மா கோழி ஆலையில் இறைச்சி வெட்டுகிறார். ஆடி உதவித்தொகை வாங்கினால்தான் அவனுக்குக் கல்லூரி. உங்கள் சட்டத்தை எழுதியவர்களின் பிள்ளைகள் டென்னிஸ் ஆடுகிறார்கள். உட்காரச் சொல்வது அவர்களுக்குச் சுலபம்.

வியாழக்கிழமைப் பயிற்சியில் அவன் தலையில் அடிபட்டு வாந்தியெடுத்தான். சோதனை வைத்தேன், தேறினான். தேறியவனை எதற்கு மருத்துவரிடம் அனுப்புவது? மறுநாள் ஆட்டத்தைப் பார்த்து ஆள் எடுக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். இரண்டாம் பாதியில் வெஸ்லிக்கு மறுபடி அடி. மூளை வீங்கிவிட்டது. இப்போது கண் திறக்கிறான், யாரையும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ கூடவே இருந்ததாலதாம்மா இந்த மட்டுக்கும் உசிரோட இருக்கான்." அந்த நிலையில் மறுத்துப் பேசி அவரை நோகடிக்க எனக்கு மனம் வரவில்லை.

இடைவேளை முடிந்து களத்தில் இறங்கும்போது அவன் என்னிடம் ஏதாவது சொன்னானா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சொன்னான்.

"மிஸ், நம்ம ஆளுங்க எந்தப் பக்கம்?"

ஒழுங்காகத்தான் கை காட்டி அனுப்பினேன். தவறான பக்கம் எதையும் நான் காட்டவில்லை.