இடப்பக்கம் திரும்புங்க

பெயரும் விலாசமும் முதல் பக்கத்தில் கண்டபடி. வயது ஐம்பத்தெட்டு. தொழில் தையல். காவல் ஆய்வாளர் விசாரித்ததன் பேரில் நான் சொல்வதாவது:

ஊருக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் இருக்கும் பிரபு மாளிகை அருங்காட்சியகமானபோது என் கணவர் அங்கே டிக்கெட் கிழிக்கும் வேலையில் இருந்தார். பார்வையாளர்கள் காதில் மாட்டிக்கொண்டு நடக்க, அறை அறையாக வழி சொல்லி விளக்கும் கருவிக்கு, குரல் கணீரென்று இருக்கிறதென்று அவரையே பேசவைத்துப் பதிவு செய்தார்கள். அதன் பிறகு அவருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து, உயிர் மிஞ்சி, குரல் போய்விட்டது. வாய் ஓயாத மனிதர். இப்போது தண்ணீர் வேண்டுமென்றாலும் கை தட்டுகிறார்.

அதன் பிறகு நான் அடிக்கடி மாளிகைக்குப் போய்வந்தேன். எனக்குப் பிரபுவின் சரவிளக்கும் வேண்டாம், வெள்ளித் தட்டும் வேண்டாம். காதில் அவர் "வாங்க வாங்க, மெதுவா வாங்க" என்பார். நான் பின்னாலேயே போவேன். சாப்பாட்டு அறை முடிந்ததும் "இடப்பக்கம் திரும்புங்க" என்பார். அங்கே இருப்பது பூட்டிய கதவு, படுக்கையறை வலப்பக்கம். அவருக்குக் கை எப்போதும் சரியாகக் காட்டும், வாய்தான் மாற்றிச் சொல்லும். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நான் அந்தக் கதவின் முன்னால் நின்றே, பிரபுவின் மனைவி படுத்த கட்டிலைப் பற்றி அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்பேன். அவர் குரலுக்கு ஏங்கித்தான் போனேன், இதில் எனக்கு வெட்கமில்லை.

இன்று போனபோது கவுண்டரில் இருந்த பெண், "புகார் மேல புகாரும்மா. நாளையிலேர்ந்து வேற குரல். பழசை அழிச்சிடுவாங்க" என்றாள். எனக்கு ஒரு பிரதி கேட்டேன். "அதெல்லாம் யாருக்கும் குடுக்கறதில்லைம்மா" என்றாள். அதன் பிறகு சுற்றி முடித்து, கருவியைத் திருப்பிக் கொடுக்காமல், என்னிடம் தைக்க வந்த ரவிக்கைகளுக்கு அடியில் பைக்குள் வைத்தேன். வாசலில் காவலாளி, "பையைத் திறங்கம்மா" என்றார். திறந்தேன்.

அதன் பிறகு என்னை இந்த நிலையத்துக்குக் கொண்டுவந்து, என் கணவரையும் வரவழைத்தார்கள். கருவி பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்க்க ஆய்வாளர் அதைச் சத்தமாக வைத்தார். வெளியே பெஞ்சில் இருந்த என் கணவர் எழுந்து வந்து கதவோரம் நின்றார். கருவியில் சாப்பாட்டு அறை முடிந்தது. அவர் கை வலப்பக்கம் நீண்டது. உதடு மட்டும் சத்தமில்லாமல் "இடப்பக்கம்" என்றது.

கருவியை எடுத்தது நான்தான். யாரும் தூண்டவில்லை. அதிலுள்ள குரலை அழிப்பதற்கு முன், அந்தப் பூட்டிய கதவு வரைக்குமாவது எனக்குத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னது அத்தனையும் உண்மை. கையெழுத்தைக் கீழே இடப்பக்கம் போட்டிருக்கிறேன்.