வாசிப்பு வேகம் குறைவு

— அதுக்கில்ல தம்பி, நான் சொல்றத முழுசா கேளுங்க. இந்தத் தாளுல டீச்சர் என்ன எழுதியிருக்காங்கன்னு படிச்சீங்களா, இல்லையா?

— படிச்சேன்க்கா.

— என்ன எழுதியிருக்கு?

— "வாசிப்பு வேகம் குறைவு. வீட்டில் கூடுதல் கவனம் தேவை."

— பாக்காமலே சொல்றீங்க!

— அத்தன தடவ படிச்சாச்சு. மொத தடவ "கூடுதல்"ல கொஞ்ச நேரம் நின்னேன். அதத் தாண்டிட்டா மிச்சம் சுலபந்தான்.

— விளையாடாதீங்க. என் தங்கச்சி இருந்தவரைக்கும் இப்படி ஒரு தாளு இந்த வாசப்படி ஏறியிருக்குமா?

— ஏறியிருக்காதுக்கா.

— அவ போயி எட்டு மாசம். எட்டே மாசத்துல பாருங்க. நான் பத்திரிகை ஆபீஸ்ல பொழுதன்னிக்கும் ஊரான் எழுதின பிழையத் திருத்திக்கிட்டு உக்காந்திருக்கேன். என் தங்கச்சி பொண்ணு ரெண்டாங்கிளாஸ்ல எழுத்துக் கூட்டிப் படிக்கிறாளாம். ஒன்றரை வருஷம் முன்னாடி என் கைப்பையில இருந்த மாத்திரை அட்டையப் படிச்சுச் சொன்னவ தம்பி அவ! "பெரியம்மா, இத சாப்பாட்டுக்கு அப்புறந்தான் போடணும், நீங்க முன்னாடியே போட்டுட்டீங்க"ன்னு என்னையே மிரட்டினா.

— அவங்க அம்மா மருந்துக் கடைல இருந்ததால வந்த படிப்பு அது. காலி டப்பா ஒண்ணு விடாம வீட்டுக்குக் கொண்டாந்துருவா.

— அந்த வாய்க்கு இப்போ என்ன ஆச்சு? அதச் சொல்லுங்க. வாசிப்பு நாள் அன்னிக்கு என்னதான் நடந்துச்சு?

— வரச் சொன்னாங்க, போனோம். அம்மா, அப்பா யாராவது ஒருத்தர், பிள்ளை ஒருத்தர். நடுவுல ஒரே புக்கு. ரெண்டு பேரும் சேந்து சத்தமா ஒரு பக்கம் படிக்கணும். வரிக்குக் கீழ பிள்ளை விரலை நகர்த்திக்கிட்டே போகணும். டீச்சர் கடிகாரத்தப் பாத்துக்கிட்டு பக்கத்துலயே நிக்கிறாங்க.

— சரி.

— எங்களுக்கு முன்னாடி ஒரு வக்கீலும் அவர் பையனும். ரயில் போன மாதிரி போனாங்க.

— நீங்க?

— நாங்க லிஃப்ட் மாதிரிக்கா. ஒவ்வொரு மாடிலயும் நின்னு, கதவத் திறந்து, மூடி, ஏறுறவங்க ஏறி, இறங்குறவங்க இறங்கி... கடைசி வரிக்குப் போறதுக்குள்ள டீச்சர் கடிகாரத்த மேசைல வச்சிட்டாங்க.

— சிரிப்பா வருது உங்களுக்கு.

— சிரிக்காம என்ன பண்றது? பிள்ளை மேல தப்பில்லக்கா. தப்பு எம்மேல. நான் படிச்சது நாலாங்கிளாஸ்.

— பத்தாவதுன்னுல்ல சொன்னாங்க, கல்யாணம் பேசும்போது!

— பேசினவங்க சொன்னாங்க. நான் சொல்லல. மறுத்தும் பேசல, அது தப்புதான். கல்யாணம் ஆன மொத வாரமே உங்க தங்கச்சிகிட்ட சொல்லிட்டேன். எழுத்து தெரியும், சேத்துப் படிக்கத்தான் வராதுன்னு. லிஃப்ட் ரிப்பேர் வேலைக்கு அது தேவைப்படல. ஒயரு கலர வச்சு கண்டுபிடிச்சிடுவேன். மோட்டார் சத்தத்துலயே எங்க கோளாறுன்னு தெரிஞ்சிடும்.

— அவ எங்ககிட்ட ஒரு மூச்சு விடலையே.

— விடுவாளா அவ? பேப்பர் வந்தா, எனக்காகப் படிக்கிறேன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. "இந்த அநியாயத்தக் கேளுங்க"ன்னு ஆரம்பிச்சு மொத பக்கத்துலேருந்து கடைசி வரைக்கும் சத்தமா படிப்பா. கடிதாசு வந்தா, "யாருப்பா இது, இப்படி எழுதியிருக்கான்"னு வைதுக்கிட்டே முழுசையும் வாசிச்சிடுவா.

— இருங்க, இருங்க. அது அவ பழக்கம்னுல்ல நாங்க நினைச்சோம்? கல்யாணத்துக்கு அப்புறம் வாயாடி ஆயிட்டான்னு அம்மாகூடச் சொல்வாங்க. எங்க வீட்டுல இருந்தவரைக்கும் அவ உதடு அசைச்சுப் படிச்சதே கிடையாது தம்பி.

— அப்படியா? அது எனக்குத் தெரியாதுக்கா.

— உங்களுக்காகத்தான் அவ வாய் விட்டுப் படிச்சிருக்கா தம்பி.

— தண்ணி கொண்டாரட்டா?

— வேணாம். உக்காருங்க. பொண்ண எப்படிப் படிக்க வச்சா அவ? அதையாவது சொல்லுங்க. நாலு எடத்துல டியூஷன் வச்சவங்க பிள்ளைங்களே திணறுது.

— படின்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டாக்கா. கடைலேருந்து வந்து அடுப்பு பத்த வைக்கும்போதே, "கை ஈரமா இருக்கு, இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்"னு எதையாவது நீட்டுவா. பிள்ளை வீட்டுப்பாடத்துக்கு இந்த மேசைல உக்காந்தா, இவ அங்க நின்னு காய் நறுக்குவா. தப்பா எழுதினா திருத்த மாட்டா. "எனக்கு ஏதோ இடிக்குதே"ம்பா. அவ்வளவுதான். பிள்ளையே தேடிக் கண்டுபிடிச்சிடும்.

— எனக்கு ஏதோ இடிக்குதே... அது எங்கப்பா வாயி. அப்படியே.

— கடைசியா ஒரு கதை. அதுலதான் விளையாட்டு. புக்குல பூனை பால் குடிச்சதுன்னு இருக்கும். இவ முகத்த அப்படியே வச்சுக்கிட்டு, "பூனை பல் தேய்த்தது"ன்னு படிப்பா. "அம்மா, தப்பு!"ன்னு பிள்ளை குதிக்கும். ஒரு பக்கத்துக்கு மூணு தப்பு. மூணையும் பிடிச்சாத்தான் பக்கத்தத் திருப்பலாம். ஆஸ்பத்திரில படுத்திருந்தப்போகூட தப்பா படிச்சுக்கிட்டுதான் இருந்தா.

— அழாதீங்க தம்பி.

— அழலக்கா. அதுக்கப்புறம் ஒரு மாசம் பிள்ளை புக்கையே தொடல. ஒரு நாள் சாயங்காலம் நானே எடுத்துக்கிட்டு உக்காந்தேன். மொத எழுத்தப் பாப்பேன், மீதிய நானா ஊகிச்சிடுவேன், அதான் என் படிப்பு. ஆத்தங்கரைல முதலை வாயத் திறந்துக்கிட்டு படுத்திருந்துச்சுன்னு போட்டிருக்கு. நான், "ஆற்றங்கரையில் முதலாளி வாயைத் திறந்தபடி படுத்திருந்தார்"னு படிச்சிட்டேன்.

— அட கடவுளே!

— ஒரு மாசமா சிரிக்காத பிள்ளைக்கா. தரைல உருண்டு சிரிக்குது. "அப்பா, தப்பு! அப்பா, தப்பு!"ன்னு. அம்மா விளையாட்ட அப்பாவும் விளையாடுறாருன்னு நினைச்சுக்கிச்சு.

— நீங்க?

— நானும் விட்டுட்டேன். இல்லம்மா, எனக்கு நெசமாவே வராதுன்னு சொல்ல வாய் வரல.

— ஏழு மாசமாவா?

— ஏழு மாசமா. அதுலயும் சும்மா இல்லக்கா. மறுநாள் பாடத்த ஃபோன்ல படம் பிடிச்சுக்குவேன். மதியம் எல்லாரும் சாப்பிடப் போவாங்க. நான் மொட்டமாடி மோட்டார் ரூமுக்குப் போயி, கதவச் சாத்திக்கிட்டு, சத்தமா படிச்சுப் பழகுவேன். மோட்டார் ஓடுற சத்தத்துல யாருக்கும் கேக்காது. ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆவும் அப்போ. இப்போ பரவால்ல, அரை மணிதான்.

— தினமும்?

— ஞாயித்துக்கெழம லீவுதானே. மத்த நாளு எல்லாம். ஆனா வாசிப்பு நாள் அன்னிக்கு வேற பக்கத்தத் திறந்து குடுத்துட்டாங்க. அதான் விஷயம்.

— முன்னாடியே ஏன் சொல்லல தம்பி? ரெண்டு வாரமா ஃபோன்ல நான் கெஞ்சுறேன். பிள்ளைய என்கிட்ட அனுப்புங்க, உங்க சகலையும் வீட்டுல சும்மாதான் இருக்காரு, எங்க தெருலயே பள்ளிக்கூடம் இருக்குன்னு. முடியவே முடியாதுன்னீங்க.

— அப்போ இந்தத் தாளு வரல. இப்போ வந்திருச்சு. வேகம் குறைவுன்னா என்ன அர்த்தம்? என்கூட உக்காந்து உக்காந்து என் படிப்பு அவளுக்கு ஒட்டிக்கிச்சு. அவங்க அம்மா ஏத்திவிட்ட எடத்துலேருந்து நான் கீழ இறக்கிட்டு இருக்கேன்க்கா. கூட்டிட்டுப் போயிடுங்க. துணியெல்லாம் மடிச்சு பையில வச்சிட்டேன்.

— சண்டை போடணும்னுல்ல நான் பஸ் ஏறி வந்தேன்.

— போடுங்களேன். அதுக்கென்ன.

— பிள்ளைக்குத் தெரியுமா?

— பெரியம்மா வீட்டுக்குப் போறோம்னு சொல்லியிருக்கேன். எத்தன நாளுன்னு சொல்லல. மாடிப்படில சத்தம் கேக்குது பாருங்க, அவதான்.

— பெரியம்மா! பெரியம்மா! எப்போ வந்தீங்க? கீழ் வீட்டுல நாய் குட்டி போட்டிருக்கு. அஞ்சு! ஒண்ணுக்கு இன்னும் கண்ணே திறக்கல.

— மூச்சு விட்டுப் பேசுடி, வாலு. வா இங்க. எவ்வளவு வளந்துட்ட! உன் புக்க எடுத்துட்டு வா, பெரியம்மாவுக்கு ஒரு கதை படிச்சுக் காட்டு.

— அப்பா கூடவா?

— ஏன், அப்பா கூடத்தான். அவர் பக்கத்துல உக்காந்துக்கோ.

— "வெள்... ளம். வடிந்... தது. முத... லை. கண்... ணை..." அப்பா, நீங்களும் சொல்லுங்க.

— "கண்ணை... தி... திறந்து..."

— "திறந்து. பார்... த்தது."

— சரி, சரி, போதும் கண்ணு. தம்பி, உங்க ஃபோன் அடிக்குது.

— ஹலோ... ஆமா, நாந்தான்... எத்தன பேரு உள்ள? கதவ யாரும் பிடிச்சு இழுக்காதீங்க, சொல்லுங்க அவங்ககிட்ட... அக்கா, மூணாவது மாடிக்கும் நாலாவதுக்கும் நடுவுல ஆளு மாட்டிக்கிட்டாங்களாம். இங்க சரியா கேக்கல, படிக்கட்டுல நின்னு பேசிட்டு வந்துடுறேன்.

— பாத்து போயிட்டு வாங்க. நீ படிம்மா. மெதுவாவே படி. பெரியம்மா திட்ட மாட்டேன்.

— எங்க விட்டோம்? ம்... "கரையில் ஒரு செருப்பு கிடந்தது. ஒற்றைச் செருப்பு. இன்னொன்று எங்கே என்று முதலை கேட்டது. அதற்குக் கொக்கு, உன் வயிற்றைக் கொஞ்சம் குலுக்கிப் பார் என்றது. முதலைக்குக் கோபம் வந்துவிட்டது. நான் சைவம் என்று உனக்கு எத்தனை தடவை சொல்வது என்று கத்தியது." நல்லா இருக்குல்ல பெரியம்மா?

— நில்லு, நில்லு. இது மனப்பாடமா?

— இல்லயே.

— அப்போ இதப் படி. என் ஆபீஸ் தாளு. நீ பாத்தே இருக்க மாட்ட.

— "நகரின் குடிநீர்க் குழாய்களைச் சீரமைக்கும் பணி அடுத்த மாதம் தொடங்கும் என அதிகாரிகள் தெரிவித்தனர்." பெரியம்மா, இங்க ஒரு புள்ளி விட்டிருக்காங்க.

— அடிப்பாவி! நானே பாக்கல அத. இப்படிப் படிக்கிறவ, வாசிப்பு நாள் அன்னிக்கு ஏன்டி எறும்பு மாதிரி ஊர்ந்த? இப்போ அப்பா இருந்தப்போகூட...

— மெதுவாப் பேசுங்க பெரியம்மா. படிக்கட்டுல கேக்கும்.

— சரி, மெதுவாப் பேசுறேன். சொல்லு.

— விரல வேகமா நகத்தினா அப்பா தொலைஞ்சு போயிடுவாரு. எந்த வரின்னே தெரியாம பேந்தப் பேந்த முழிப்பாரு. பாவமா இருக்கும்.

— அப்பா விளையாட்டுக்குத்தானே தப்பா படிக்கிறாரு? அம்மா மாதிரி?

— இல்ல பெரியம்மா. அம்மா தப்பா படிச்சா என் மூஞ்சியப் பாப்பா. அப்பா தப்பா படிச்சா புக்கையே பாப்பாரு.

— எப்போலேருந்துடி தெரியும் உனக்கு?

— முதலாளிலேருந்தே.

— ஐயோ! அப்பாகிட்ட சொன்னியா?

— சொன்னா விளையாட்டு போயிடும்ல? அப்புறம் அவரு படிக்க மாட்டாரு. முன்னாடியெல்லாம் ஒரு வரிக்கு அஞ்சு தடவ நிப்பாரு. இப்போ ரெண்டு தடவதான். சில வரில ஒண்ணே ஒண்ணு.

— கிளாஸ்ல நீ தனியா படிக்கும்போது மிஸ் கேட்டதில்லையா?

— எங்க கிளாஸ்ல நாப்பத்தாறு பேரு. என் முறை வர்றதுக்குள்ள மணி அடிச்சிடும்.

— மெதுவாப் படிக்கிற பொண்ணுன்னு தாளுல எழுதிட்டாங்களே. உனக்குக் கஷ்டமா இல்லையாடி, கண்ணு?

— கொஞ்சம்.

— வா, இப்படிக் கிட்ட வா.

— ஏன் பெரியம்மா மூக்க உறிஞ்சுறீங்க? சளியா? எங்க மருந்து டப்பால மாத்திரை இருக்கு. எதுன்னு நான் படிச்சுச் சொல்றேன்.

— வேணாம்டி. அப்பா வர்றாரு. புக்கப் பிடி.

— ஆளு வெளிய வந்துட்டாங்கக்கா, பயப்பட ஒண்ணுமில்ல. படிச்சாளா? பாத்தீங்களா நீங்களே? பையக் கீழ கொண்டுபோயி வச்சிரட்டா?

— பாத்தேன் தம்பி. ரொம்ப, ரொம்ப மெதுவாத்தான் படிக்கிறா. இவளுக்கெல்லாம் தினமும் பக்கத்துல உக்காந்து, கூடவே சேந்து படிக்க ஒரு ஆளு வேணும். நான் வேகமா படிச்சுப் பழகினவ, எனக்கு அந்தப் பொறுமை வராது. நீங்களே வச்சுக்கோங்க.