தேதி போடாத ரூல்

— அதான் சொல்றேனே ஒட்டகம், ஆபீஸ் நெட்வொர்க்கிலேருந்து வெளியில போற எல்லா வழியையும் முதல்ல மூடிட்டேன். இனிமே யாருக்காவது வெளியில போக டனல் மாதிரி தனி வழி வேணும்னா, எந்த மெஷினுக்கு, எந்த போர்ட், எதுக்கு, என்னைக்கு வரைக்கும்னு எழுதிக் கொடுக்கணும். அப்பத்தான் அந்த ஒண்ணை மட்டும் திறப்பேன்.

— அடேங்கப்பா. செக்யூரிட்டி மேடம் ஆனதும் சாவிக்கொத்து இடுப்புக்கு வந்துடுச்சு. சரி தாயே, வேலையை விட்டுப் பன்னெண்டு வருஷம் ஆனவனுக்கு எதுக்கு போன்?

— எதை விடலாம், எதைத் தடுக்கலாம்னு இருக்கிற லிஸ்ட்ல எல்லாத்துக்கும் மேல ஒரு பழைய ரூல் கிடக்கு. மெஷின் மேலேருந்துதானே படிக்கும், அதைப் பார்த்ததும் ‘போ’ன்னு வழி விட்டுடுது. கீழ நான் போட்ட பூட்டு சும்மா. திறந்தது நீ. முடியும் தேதி காலி. சாயங்காலம் ஆடிட்டர் கையில திறந்த ஆளோட பேரைக் கொடுக்கணும். நீ வேற மறுபடி இங்கேயே வரேன்னு மனு போட்டிருக்கே. பேரைக் கொடுத்தா அந்த வேலை போச்சு.

— எங்கேருந்து எங்க போகுது அது?

— ஜன்னலோர மேஜையிலேருந்து வெளியில ஏதோ ஒரு வீட்டுக்கு.

— ஏசி சொட்டுதுன்னு வாளி வைப்போமே, அந்த மேஜையா?

— என் மேஜைதான். எழுந்திரிக்கும்போதெல்லாம் உன் ஒட்டக உயரத்துக்கு நீ அலமாரியில தலையை இடிச்சுப்பே. எவ்வளவு சிரிச்சிருக்கோம். இப்பல்லாம் இங்க யாரும் சத்தமா சிரிக்கிறதே இல்லப்பா, மனசு ஏங்குது.

— சிரிப்பு மட்டுமா? பிரசவ லீவு முடிஞ்சு வந்து நீ அழுத அழுகைக்கு இன்னொரு வாளி வைக்க வேண்டியிருந்துச்சு.

— மூணு மாசக் குழந்தையை வீட்டுக்காரர்கிட்ட விட்டுட்டு வந்தவ வேற என்ன பண்ணுவா? நீதானே என் கம்ப்யூட்டர் திரை மூலையில சின்னதா தொட்டிலைக் காட்டினே. வீட்டு கேமரா... இரு. ரூல்ல இருக்கிற இந்த நம்பர் எங்க பழைய வீடா?

— ம்.

— மேனேஜர் அனுமதி கொடுத்தாருன்னு அன்னைக்கு சொன்னியே.

— கொடுத்தாரு. திறந்து ரெண்டு வாரம் கழிச்சு, என்னைப் பிடிச்சப்புறம்.

— அதே மாசம்தானே அதிக சம்பளம்னு வேற கம்பெனிக்கு ஓடினே? சொல்லாம கொள்ளாம போயிட்டேன்னு நான் ஒரு வருஷம் உன்கூட பேசவே இல்லை.

— தெரியும். அந்த ரூலைத் தூக்கிடு மேடம். என் பேரையே எழுது, தண்டனையெல்லாம் அப்பவே அனுபவிச்சாச்சு.

— என்ன தண்டனை? ஒட்டகம், ஒழுங்கா சொல்லு.

— உன்னையும் வேலையை விட்டு அனுப்பணும்னாரு மேனேஜர். அவளுக்கு ஒண்ணும் தெரியாது, நான் போயிடறேன், அந்த வழியை மட்டும் மூடாதீங்கன்னேன். எது வரைக்கும்னு கேட்டாரு. பாப்பா நடக்கிற வரைக்கும்னேன். அதுக்கு எந்தத் தேதியைப் போடுவாரு, பாவம்.